கதவு எண் 7/48-பி

வெள்ளி மூன்று மணிக்குள் எல்லாப் பிரிவும்
தாளை என் மேஜைக்கு அனுப்பிவிட வேண்டும்.
சுகாதாரம் முந்தும். பொறியியல் பிந்தும்.
நகரமைப்பு
போன வாரத் தாளில் தேதியை மட்டும் மாற்றி அனுப்பும்,
அதே எழுத்துப்பிழையோடு.

நான் கூட்டுகிறவள்.
எரியாத விளக்கு நாற்பத்தொன்று,
சரிசெய்தது முப்பத்தெட்டு.
அள்ளிய குப்பை, அடைப்பெடுத்த ஓடை.
பிடித்த நாயும்
ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்ட நாயும்
ஒரே எண்ணாக வரவேண்டும்.
இந்த வாரம் ஒன்று குறைகிறது.
வடசேரிச் சந்தைப் பக்கம்
கயிற்றைக் கடித்துக்கொண்டு போய்விட்டதாம்.
"ஊசி போட்டாச்சுல்லா மேடம்,
இனி அது விட்ட நாய்தான்" என்கிறார் டென்னிசன்.
சரி என்று கூட்டிக்கொள்கிறேன்.

நாலு நாளாய் மழை.
முக்கடல் நிறைந்துகொண்டிருக்கிறது.
குழாயில் வெள்ளம் வரேல்ல என்று
மழைக்கோட்டோடு வந்து மனு கொடுக்கிறார்கள்.
மனுவில் சொட்டுகிறது.

7/48-பி முதலில் வந்தது கொசு ஒழிப்பில்.
செவ்வாய். பின்புறம் சிரட்டை ஒன்பது, கவிழ்த்தது ஒன்பது.
காய்ச்சல் உள்ளவர்: ஒருவர்.
நான் நிற்கவில்லை. அன்று அந்த வார்டில்
அப்படி முப்பது வீடு.

வருவாய்த் தாளில் மறுபடியும்.
சொத்துவரி, ஐந்து அரையாண்டு நிலுவை.
புதன் பகல் பதினொன்றுக்கு நோட்டீஸ் ஒட்டப்பட்டது.
குடிநீரில்: இணைப்புத் துண்டிப்பு, வரும் திங்கள்,
கையெழுத்தாகிவிட்டது.
நகரமைப்பில்: அனுமதியின்றித் தகரக் கொட்டகை,
பத்துக்குப் பன்னிரண்டு,
தெருவுக்குள் நீட்டி, நான்கு கால்.
பார்வையிட்ட நாள் புதன்.

கடைசியாய்ப் பிறப்பு இறப்பு.
யேசுவடியான், ஆண், அறுபத்தொன்று.
இடம்: வீடு. புதன், விடியற்காலை.

அப்புறம்தான் அந்தக் கொட்டகை புரிந்தது.

வருவாய் தாணுமாலயனைக் கூப்பிட்டேன்.
கொஞ்ச நேரம் பேசவில்லை அவர்.
"கதவு தொறந்துதான் கெடந்துது.
செருப்பு நெறைய கெடந்துது மேடம்.
மழைல ஒண்ணும் யோசிக்கேல்ல,
தூண்ல ஒட்டிட்டு வந்துட்டேன்."

நாற்பத்தொன்றில் முப்பத்தெட்டு போக மூன்று.
மூன்றில் ஒன்று கம்பம் 212.
மனுவைத் தேடி எடுத்தேன்.
ஞானபாய் என்று கையெழுத்து, எழுத்து வேறு யாருடையதோ.
மகன் குவைத்திலிருந்து நாளைக் காலைதான் வருவான்,
ஆளுகள் வந்துபோக
இண்ணைக்கு ராத்திரி மட்டும் எரிஞ்சா போதும்.
புதன், மாலை நாலே கால்.
முத்திரை நான் குத்தியது.

ஆறு தாளிலும் அவர்கள் ஒன்று.
எந்தத் தாளிலும் தப்பில்லை.
கூட்டினால் சரியாகத்தான் வருகிறது.

நகரமைப்பைக் கேட்டேன், கொட்டகையை அடிக்கலாமா என்று.
"தாள் போயாச்சே, அடுத்த வாரம்
அகற்றப்பட்டதுன்னு காட்டிக்கலாம்."
காட்டலாம். ஆக்கிரமிப்பு அகற்றம்: ஒன்று.
ஆணையருக்கு அது பிடிக்கும்.

துண்டிப்பு ஆணையைத் தபால் பையில் போடவில்லை.
காலண்டர்த் தாள் அடுக்கின் கீழே இருக்கிறது.
பெரிய காரியம் ஒன்றுமில்லை;
வேறு வாரங்களில்
உண்மையாகவே மறந்திருக்கிறேன்.

சனிக்கிழமை இரவு ரசலையன் போன் செய்தார்.
212 எரியுது, மேடம்.
வேற ஒண்ணும் பறைய இல்ல,
பந்தக்கால் பிடுங்கின குழியில வெள்ளம் கெட்டிக் கெடக்கு,
வெளிச்சத்துல நல்லாத் தெரியுது.

செவ்வாய்க்கிழமை சுகாதாரம் வரும்.
எழுதும்: குழி நான்கு.